மலரின் போன் வாசிக்காத அறிவித்தல்

இந்த ஊரில் சாலையைக் கடக்கும் இடத்துக் கம்பம் குருவி போலக் கத்துகிறது. கனடாவுக்கு வந்த புதிதில், பனி மூடிய மரங்களில் அந்தக் குருவியைத் தேடியிருக்கிறேன். பார்வையற்றவர்கள் கடப்பதற்காக அரசாங்கம் வைத்த ஒலி என்று பிறகுதான் தெரிந்தது. அதைக் கேட்டால் தங்கை மலரின் நினைவு வரும். பிறவியிலேயே பார்வையில்லாத அவள், இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு மேலே ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில் அம்மாவோடு இருந்து, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். மழையில் வழுக்கும் படிகளைக் காலால் தடவித்தான் இறங்குவாள். திரையிலுள்ளதை வாசித்துச் சொல்லும் போன் ஒன்றே அவளுக்குத் துணை.

போன குளிர்காலத்தில் ஒரு காலை, அவளுடைய வாட்ஸ்அப்பிலிருந்து எழுத்தில் ஒரு செய்தி வந்தது: "அண்ணா, அவசரம். உங்க போனுக்கு வர்ற நம்பர அனுப்புங்க." மலர் என்னை அண்ணா என்று கூப்பிட்டதே இல்லை, அண்ணே என்பாள். எப்போதும் குரலைத்தான் அனுப்புவாள். உடனே அம்மாவின் போனுக்கு அழைத்தேன். மலர்தான் எடுத்தாள்.

"போன் கம்பெனின்னு ஒருத்தன் பேசுனான் அண்ணே. ஆறு நம்பர் வரும், சொல்லுங்கன்னான். சொல்லிட்டேன். இப்ப என் போட்டோவ அசிங்கமா மாத்தி வச்சிருக்கானாம். அவன் கூப்பிடுறப்ப பேசலேன்னா பாட்டுக்கு வர்ற புள்ளைங்க வீட்டுக்கெல்லாம் அனுப்புவானாம்."

துணையாக இருந்த அதே போன்தான், எஸ்எம்எஸ்ஸாக வந்த அந்த மிரட்டல்களையும் அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தது.

"இதுக்கு என்ன செய்யணும்னு கவர்மென்ட்ல ஏதாச்சும் போட்டிருப்பாங்களே?"

"போட்டிருக்காங்க. பக்கத்து வீட்டு ராணி அக்கா அவங்களுக்கு வந்தத முந்தியே அனுப்புனாங்க. போனு அத 'படம்'னு மட்டுந்தான் சொல்லுச்சு."

அறிவுரையைப் படமாகப் போட்டிருந்தார்கள். அதுவும் சிங்களத்தில். மலரும் ராணி அக்காவும் சிங்களம் நன்றாகப் பேசுவார்கள். ராணி அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. எனக்கு அனுப்பலாமென்றால் மலரின் வாட்ஸ்அப் அவன் கையில், ராணி அக்காவோ அன்று ஊரில் இல்லை. போனை ஆற்றில் எறியச் சொல்லி அம்மா பின்னால் அழுதுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் அழித்துவிடவா என்று மலர் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. "கொஞ்சம் பொறு" என்று சொல்லிவிட்டு நூலகத்துக்கு ஓடினேன்.

என் அரைகுறை ஆங்கிலத்தைக் கேட்ட நூலகப் பெண், குரலைத் தாழ்த்தி, வீட்டில் உங்களை யாராவது அடிக்கிறார்களா என்று கேட்டு ஓர் அறைக்கு அழைத்துப் போனார். மிரட்டப்படுவது நானல்ல, வேறு நாட்டிலிருக்கும் என் தங்கை என்று புரியவைப்பதற்குள் வியர்த்துவிட்டது. பிறகு கணினியில் கனடா அரசாங்கத்தின் பக்கத்தைத் திறந்தார். பெரிய எழுத்து, போனே வாசித்துவிடும். மிரட்டுபவருக்குப் பதில் சொல்லாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், நம்பிக்கையானவரிடம் சொல்லுங்கள், போலீசுக்குப் போங்கள். கடைசியில், இது உங்கள் தவறல்ல. எல்லாவற்றையும் எங்கள் பேச்சில் சொல்லிப் பதிவுசெய்து அம்மாவின் போனுக்கு அனுப்பினேன்.

"என் தப்பில்லேன்னு கவர்மென்டே எழுதியிருக்கா அண்ணே?"

"எழுதியிருக்கு."

எந்த நாட்டு அரசாங்கம் என்று நான் சொல்லவில்லை.

அவன் முந்துவதற்குள் மலர் லயம் லயமாகப் போனாள். "ஒரு போட்டோ வரும். அது நானில்ல" என்று ஒவ்வொரு வாசலிலும் தானே சொன்னாள். படம் சில வீடுகளுக்குப் போகத்தான் செய்தது. ஒரு பிள்ளையை மட்டும் பாட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டார்கள். வாட்ஸ்அப் பிறகு திரும்பக் கிடைத்தது. அவன் இன்னும் பிடிபடவில்லை.

லயங்களுக்குப் போன மறுநாள் அவள் போலீசுக்குப் போனபோது அங்கே மாலை, இங்கே காலை. வேலை செய்யும் பேக்கரியில் மா படிந்த கையோடு வீடியோவில் இருந்தேன். முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிய அதிகாரி, கைரேகை வைக்கச் சொன்னார்.

"அண்ணன் வாசிக்கட்டும் மாத்தயா. அப்புறம் வைக்கிறேன்" என்று அவரிடம் சிங்களத்தில் சொன்னாள் மலர்.

அவர் சலித்துக்கொண்டே தாளைப் போனுக்கு நேராகப் பிடித்தார். ஊர் பஜாரில் கடையில் வேலைக்கு நின்ற காலத்தில் நான் கற்ற சிங்கள எழுத்துக்கள். உரக்க வாசித்தேன், கூட வேலை செய்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓரிடத்தில், அவள் விரும்பியே எண்ணைக் கொடுத்ததாக இருந்தது.

"ஏமாத்தி வாங்குனான்னு எழுதச் சொல்லு."

மலர் சொன்னாள். அவர் என்னைத் திரையில் ஒரு கணம் பார்த்தார். பிறகு வெட்டி எழுதினார்.

"எங்க வைக்கணும் அண்ணே?"

"வலப்பக்கம். இன்னுங் கொஞ்சம். அங்கதான்."

ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. என் காதில் யட்டியாந்தோட்டை மழை. மலரின் பெருவிரல் தாளில் பதிந்தபோது, இங்கே என் விரல் திரையின் கண்ணாடியை அழுத்திக்கொண்டிருந்தது.