துணி போர்த்திய திரை

நேற்று எங்கள் அலுவலகத்துப் புதுப் பெண் ஒரு பேட்ச் ஸ்க்ரிப்ட் எழுதி, வெளியீடு கோப்புக்குப் போகும்படி வரிக் கடைசியில் > குறி போட்டாள். "எரர் அதுல போகாதும்மா, அதுக்குத் தனியாச் சொல்லணும்!" என்று நான் கத்தியதில் அரண்டுவிட்டாள், பாவம். எனக்கு லௌடோகா ஞாபகம் வந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

சின்ன வயசில் நான் வேலைக்குப் போன தீவில் சர்க்கரை ஆலை ஊர் லௌடோகா. அந்தப் பேரைக் கேட்டாலே எனக்குக் கரும்புக் கரி. அரவைக் காலத்தில் சட்டைக் காலரிலும் சோற்றுத் தட்டிலும் கரித்தூள் வந்து விழும். வெள்ளைச் சட்டையோடு ஜம்பமாக வேலைக்குப் போன முதல் நாளே எனக்கு அது புரிந்தது. நான் வேலை பார்த்த பயண ஏஜென்சியில், அந்த மாதங்கள் முழுக்கப் பின்னறைக் கணினியின் திரைக்குத் துணி போர்த்தியே வைத்திருப்போம்.

அங்கே எல்லாமே பெருமாள் அண்ணன்தான். ஊரை ஒட்டிய ட்ராசாவில் குத்தகை நிலத்தில் வீடு. தாத்தா கப்பலேறிக் கொண்டுவந்த தமிழை இந்தி கலந்து பேசுவார். ஆட்சியைக் கவிழ்த்து ராணுவம் தெருவில் நின்ற வருஷம் அது. நவுசோரிப் பக்கம் இந்தியர்களை வீடு புகுந்து அடிக்கிறார்கள் என்ற செய்தி வந்ததும் ஊரே டிக்கெட் கேட்டு எங்கள் வாசலுக்கு வந்தது. அண்ணன் மனைவி லட்சுமி நர்ஸ். அவளுக்கு ஆக்லாந்தில் வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமைக்குள் போய் இறங்காவிட்டால் விசா செத்துவிடும். அவள் போனால்தான் பிறகு அண்ணனையும் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொள்ள முடியும்.

ராத்திரி ஊரடங்கு முடிந்து காலையில் நாங்கள் வருவதற்குள், அண்ணன் எழுதிய ஸ்க்ரிப்ட் பின்னறைக் கணினியிலிருந்து விமான நிறுவனத்தின் கணினியோடு தானே தொடர்புகொண்டு இடம் கேட்டுவிடும். முன்னறையில் உட்கார்ந்தபடியே, அது எழுதிவைத்த கோப்பைத் திறப்போம். தினமும் ஒரே சேதி: இணைப்பு கிடைத்தது, கோரிக்கை போயிற்று.

"எல்லாம் டீக், சரியா இருக்கு, தம்பி," என்பார் அண்ணன். "எரர் ஒண்ணும் இல்லே. சீட்டு வந்துரும்."

நானும் தலையாட்டினேன், சென்னையில் படித்த மேதை!

வெள்ளிக்கிழமை பொறுக்கமாட்டாமல் அண்ணன் பின்னறைக்குப் போய்த் துணியை உருவினார். திரை முழுக்க ஒரே வரி திரும்பத் திரும்ப இருந்தது: பாஸ்போர்ட் எண் தவறு, திருத்தி அனுப்புக. கோப்புக்குப் போகாத பிழையெல்லாம் துணிக்கடியில் கிடந்திருக்கிறது. எண்ணைத் திருத்தி அனுப்பினோம். போன் போட்டுக் கெஞ்சினோம். புதன்கிழமை வரை இடம் இருந்ததாம்.

சாயங்காலம் லட்சுமி பிள்ளையோடு வந்து நின்றாள். "சீட்டு இருக்கா, இல்லியா?"

அண்ணன் கையிலிருந்த திரைத் துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார். ஒரு மனுஷன் அப்படி நின்று நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஆக்லாந்து வேலை வேறு யாருக்கோ போனது. அடுத்த வருஷம் நிலத்தின் குத்தகையும் முடிந்துவிட்டது, புதுப்பித்துத் தரவில்லை. நான் ஊர் திரும்பிய அன்று அண்ணன்தான் விமான நிலையம் வரை என் பெட்டியைச் சுமந்து வந்தார். "வினாகா, தம்பி. ரொம்ப நன்றி. போயி போன் பண்ணு." பண்ணினேன். சில மாதம் மணி மட்டும் அடித்தது, யாரும் எடுக்கவில்லை, பிறகு அதுவும் இல்லை.

போன வருஷம் ட்ராசாவுக்குப் போய்த் தேடினேன். தகரம், பலகை எல்லாவற்றையும் யாரோ கழற்றிப் போயிருந்தார்கள். புல்லுக்குள் சிமெண்டுத் தரை மட்டும் கிடந்தது. பக்கத்து வயல்காரரிடம் விசாரித்தேன். அவருக்குத் தமிழ் தெரியவில்லை. பெருமாள் என்று ஒருவர் அங்கே இருந்ததும் தெரியவில்லை.