காலிப் பெட்டியின் கனம்

தண்டவாளத்தை அகலப்பாதையாக மாற்றும் வேலைக்காக நெல்லை ரயில்களை நிறுத்தியிருந்த காலம் அது. தென்காசி நிலையத்தில் போர்ட்டராக இருந்த என் அப்பாவுக்குச் சென்னை வண்டி ஒன்றே கதி. அதில் இறங்குகிறவர்களும் பெட்டிகளைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அவருக்கு உறுதியாகக் கிடைத்தது, ஜவுளிக்கடை அண்ணாச்சிக்கு வரும் துணிப்பொதிகளின் கூலி மட்டுமே. அதுவும் போனால் நாங்கள் ஊரைவிட்டே போக வேண்டியிருக்கும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சாரல் பருவத்தில், போர்ட்டர்களின் துயரத்தைக் குற்றாலத்தில் நாடகமாகப் போட ஒரு குழுவினர் முன்வந்தனர். இயக்கியவர் கல்லூரி ஆசிரியர், நல்ல மனிதர். ஊருக்குத் தெரிந்தால் ஊர் உதவும் என்று மனதார நம்பியவர். உண்மையான போர்ட்டரே நடிக்க வேண்டும் என்று அப்பாவை அழைத்துக்கொண்டார்.

ஒத்திகையில்தான் தொல்லை தொடங்கியது. தகரப்பெட்டி தலையில் ஏறியதும் அப்பா நிமிர்ந்து, சிரித்த முகத்தோடு நடந்தார்.

"என்னய்யா, கல்யாண ஊர்வலத்துக்கா போதீரு? கொஞ்சம் முனகும்" என்றார் ஆசிரியர்.

"முனகினா எவன் சார் பெட்டியத் தருவான்? கெழடு கீழ போட்ரும்னு அடுத்த ஆளக் கூப்பிடுதானுவ."

நாடகத்தன்று மாலை, மேடையின் பாதி வழியில் அப்பா நின்றார். முழங்கால் மடங்கியது. நான் வீட்டில் ஒருநாளும் கேட்டிராத நீண்ட முனகல் ஒன்று அவரிடமிருந்து எழுந்தது. சாரலில் நனைந்துகொண்டிருந்த கூட்டம் விடாமல் கைதட்டியது. பெட்டிக்குள் ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே அப்பா பெரிய நடிகர் என்று முடிவுசெய்தேன்.

மறுநாள் காலை நானும் அவரோடு நிலையத்துக்குப் போனேன். அண்ணாச்சி அப்பாவின் தோளைத் தொட்டார்.

"நேத்து நாடகம் பாத்தேன்யா. ராத்திரி பூரா தூக்கமில்ல. இனிமே நீரு கஷ்டப்பட வேண்டாம். பொதி தூக்க ஒரு சின்னப் பயலப் பாத்துக்கிடுதேன்."

அவர் குரலில் ஏளனமில்லை. இரக்கம் மட்டுமே இருந்தது. இரக்கமும் ஒருவரின் பிழைப்பைப் பறிக்கும் என்பதை அந்த ஆசிரியரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்.

"ஐய, அண்ணாச்சி! அது நடிப்புல்லா?" என்று சிரித்த அப்பா, இரண்டு பொதிகளை ஒன்றாகத் தலையில் ஏற்றிக்கொண்டு நிலையத்தின் நடைமேம்பாலப் படிகளில் ஓட்டமாக ஏறினார். உச்சியில் நின்று, கழுத்து நரம்பு புடைக்க, எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

நான் துள்ளித் துள்ளிக் கைதட்டினேன். அண்ணாச்சி ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது மட்டும் அன்று எனக்கு விளங்கவில்லை.