அடுப்பை முதுகில் கட்டிய லாரி

ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் எங்கள் வீட்டில் பசியைவிடப் பெரிய பேச்சு என் வயிறுதான். கல்யாணமாகி நாலு வருஷமாகியும் ஒன்றும் தங்கவில்லை. தீபாவளிக்குள் விசேஷம் இல்லையென்றால் செங் ரப்பர் தோட்டத்திலிருக்கும் தன் தம்பி மகளை மகனுக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிவைப்பதென்று அத்தை முடிவு செய்துவிட்டார். எனக்குப் போக்கிடம் கிடையாது. பெற்றவர்கள் இருவரும் போய்ச்சேர்ந்திருந்தார்கள்.

அத்தை கொடுத்த கஷாயமெல்லாம் குடித்தேன். வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருந்தேன். அரிசியே கண்ணில் படாத காலத்தில் விரத நாளுக்கும் மற்ற நாளுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. கடைசியில் நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கிலேயே இருந்த மலாய் மருத்துவச்சியிடம் போனேன். கர்ப்பப்பை இறங்கியிருந்தால் எண்ணெய் தடவி நீவி ஏற்றிவிடுவாள் என்று எல்லா இனத்துப் பெண்களும் அவளிடம் போவார்கள்.

வெகுநேரம் நீவிவிட்டு, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்றாள். பிறகு, உன் புருஷனுக்கு என்ன வேலை என்று கேட்டாள். எனக்கு எரிச்சல் வந்தது. வயிற்றைக் காட்ட வந்தவளிடம் இது என்ன கேள்வி? இருந்தாலும் சொன்னேன். பெட்ரோல் கிடைக்காததால் அவர் ஓட்டிய லாரி கரியில் ஓடியது. அவர் உட்காரும் இடத்துக்குப் பின்னாலேயே கரி அடுப்பு. நாள் முழுக்க அந்த அனலில் வெந்து, இடுப்பெல்லாம் வேர்க்குருவோடு வீடு வருவார். புகையிலைக்குப் பதில் பப்பாளி இலையைக் காயவைத்துச் சுருட்டிப் பிடிப்பார்.

ஆண்பிள்ளையின் வித்து சூடு தாங்காது, இரண்டு மூன்று மாதம் நெருப்பை விட்டுத் தள்ளியிருக்கச் சொல் என்றாள். அந்தப் புகையையும் விடச் சொன்னாள். வெறும் மரவள்ளியைத் தின்றால் உடம்பில் என்ன ஊறும் என்றும் கேட்டாள். இதில் எதுதான் காரணம் என்றேன். யாருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவைத்தாள்.

வீடு வரும் வரை எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆணிடம் குறை இருக்கலாமென்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. கிழங்குதான் காரணமென்றால், அதே கிழங்கைத் தின்கிற பக்கத்து வீட்டுக்காரி மூன்றாவதை எப்படிச் சுமக்கிறாள்? அவள் புருஷனும் அதே இலையைத்தானே புகைக்கிறான்? அப்படியானால் அடுப்புதானா?

சாயங்காலம் கிணற்றடியில் அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"லாரிய விட்டா என்னையும் சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிருவான்," என்றார்.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் தமிழாட்களை அள்ளிக்கொண்டுபோன நேரம் அது. எங்கள் தெருவிலிருந்து போன ஒருவரும் திரும்பியிருக்கவில்லை. லாரி ஓட்டத் தெரிந்ததால்தான் இவரை விட்டுவைத்திருந்தார்கள். பிள்ளைக்காக அந்த அடுப்பை விட்டு இறங்கினால், பிள்ளைக்குத் தகப்பன் இருக்கமாட்டார்.

மறுநாள் காலையில் அவர் கிழங்கு தின்றுகொண்டிருந்தபோது அத்தை கேட்டார்.

"என்னா சொன்னா அந்த மலாய்க்காரி?"

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சொன்னால் அத்தை நம்பமாட்டார். நம்பிவிட்டால் இன்னும் மோசம், பேரன் ஆசையில் மகனை லாரியிலிருந்து இறக்கிவிடுவார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"கொற எங்கிட்டதான் அத்தை. அந்தப் பொண்ணயே பாருங்க."

அது பொய்யா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவர் ஒரு வார்த்தை பேசாமல் கையைக் கழுவிக்கொண்டு லாரிக்குப் போனார். அவர் உயிரோடு இருக்கட்டுமென்றுதான் அப்படிச் சொன்னேன். ஆனாலும் அவர் பேசாமல் போனதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.