முட்டை அட்டையில் ஆறு டார்ட்

அக்கா நான்கு மாதக் கர்ப்பிணி. அந்த நான்கு மாதத்தில் அவள் வயிற்றில் தங்கியவை: தண்ணீர், கிறீம் கிறேக்கர் பிஸ்கட், கோபம். தங்காதவற்றின் பட்டியல் நீளம். நான் அதைப் போனில் அகர வரிசைப்படி வைத்திருந்தேன். மச்சானுக்கு வாழைச்சேனைத் துறைமுகத்தில் வேலை. மீன் வாசம் அவளுக்கு ஆகாதென்று மூன்று முறை சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டு வந்தார். சவர்க்கார வாசத்துக்கும் சத்தி எடுத்தாள். அதன்பிறகு மனுசன் முற்றத்தில்தான் சீவியம்.

கிளினிக்கில் மருத்துவமாது நேராகவே சொல்லிவிட்டார்: வியாழக்கிழமை வரும்போது நிறை இன்னும் குறைந்திருந்தால் ஆசுபத்திரி வாட்டில் மறித்துவிடுவோம். அக்காவுக்கு ஆசுபத்திரிக் கட்டில் என்றாலே நடுக்கம். திங்கள் பின்னேரம் அழுதபடி போன் எடுத்தாள்.

"கல்லடியில ஒரு பேக்கரியில கஸ்டர்ட் டார்ட் திண்டமே, அதெண்டாத் தின்னுவன் போல இரிக்கிடி."

நான்கு மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் சாப்பாடு. செவ்வாய்க்கிழமைக்கு லீவு போட்டேன்.

என் தொழில் குளிர்சாதனப் பெட்டி திருத்துவது. ஒரு பொருளைக் கெடாமல் இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதைப் பற்றி டிப்ளோமாவில் ஒரு முழுப் பாடமே படித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பேக்கரிச் சுவரில் தொங்கும் பலகையை மறந்துபோனேன். 'டார்ட் பார்சல் இல்லை.'

மூன்று மேசை, பாண் சுடும் ஒரு போறணை, ஒரு பறங்கியப் பெண். ஊரில் எல்லோருக்கும் அவர் அன்ரி. நானூறு வருடப் போத்துக்கேயக் கைப்பக்குவம் தேடிக் கொழும்பிலிருந்து கமராவோடு வருகிறவர்களுக்கு அவர் ஓம் ஓம் என்று தலையாட்டுவார். உண்மையில் அவர் இதைக் கற்றது குவைத்தில், ஒரு ஹோட்டல் குசினியில், பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தியிடம். "என்ட பூட்டன்ட பூட்டன் போத்துக்கேயன்தான் புள்ள. ஆனா அவர் விட்டுட்டுப் போனது இந்த மூக்கு மட்டும்," என்று முன்பொருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"ஆறு வேணும் அன்ரி. பார்சல்."

"சுவரில தொங்குற போட் வாசிக்கத் தெரியாதா?"

அக்காவின் கதையைச் சொன்னேன். மருத்துவமாது, வியாழக்கிழமை, வாட், எல்லாம் வரிசையாக. அன்ரியிடமும் ஒரு வரிசை இருந்தது. பெட்டிக்குள் மூடினால் ஆவியில் மாவு சவுத்துப்போகும். மோட்டார்சைக்கிளில் தொங்கவிட்டால் கஸ்டர்ட் வழியும். அதை அடுத்த நாள் தின்றுவிட்டு, அன்ரிட சமையல் முந்தி மாதிரி இல்லை என்று பேஸ்புக்கில் எழுதுவார்கள்.

"வயித்துப் புள்ளக்காரி கேட்டா இல்லையெண்டு சொல்ல ஏலாதுகா. அதுக்காகக் களியைக் குடுத்து அனுப்பவும் ஏலாது. ஒண்டு தாறன். கல்லடிப் பாலத்தைக் கடந்து போய்த் திரும்பி வா. முழுசா வந்தா ஆறும் உனக்கு."

சாப்பாட்டுப் பெட்டி, சுற்றிலும் டிஷ்யூ, இறுக்கமான மூடி. ஸ்கூட்டியில் போனேன். பாலம் வழுவழுவென்றுதான் இருந்தது. பாலத்துக்கு முன்னால் இருந்த வேகத்தடை என் திட்டத்தில் இல்லை. திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது கஸ்டர்ட் மூடியில் ஒட்டியிருந்தது. அன்ரி ஒரு தேக்கரண்டியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

பக்கத்து மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு மாமி எட்டிப் பார்த்தார். "இந்தப் புள்ள என்ன படிச்சது?"

"பிரிட்ஜ் திருத்துற வேலை," என்றார் அன்ரி.

"அதான் பாத்தன், எங்கட பிரிட்ஜ் திருத்தியும் இன்னும் இரையுது."

அந்தப் பிரிட்ஜை நான் தொட்டதே இல்லை. கரண்டியால் கஸ்டர்ட் முழுவதையும் வழித்துத் தின்றேன். தின்னும்போதுதான் போறணைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த வெறும் முட்டை அட்டைகள் கண்ணில் பட்டன. பள்ளத்தில் டார்ட்டின் அடி உட்காரும். சுற்றியுள்ள மேடுகள் அதை அசையவிடாது. ஒரு பள்ளம் விட்டு ஒரு பள்ளத்தில் வைத்தால் ஒன்றோடொன்று முட்டாது. இடைவெளியால் ஆவி வெளியே போகும். எண்ணெய்த்தாள் விரித்து, அன்ரியிடம் கேட்டு வாங்கிய இன்னொரு டார்ட்டை வைத்து, இன்னோர் அட்டையை மேலே கவிழ்த்து, றப்பர் பட்டி போட்டேன். இந்த முறை வேகத்தடையில் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

அன்ரி அதை வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு தானே தின்றார். "பரவாயில்ல," என்றார். போறணையிலிருந்து வந்த புதுத் தட்டிலிருந்து ஆறு எடுத்து வைத்தார்.

வாழைச்சேனை ஸ்கூட்டிக்குத் தூரம்; பஸ்ஸில் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பக்கத்திலிருந்த பெண் கேட்டார், "முட்டை என்ன விலைக்கு எடுத்த?"

"முட்டை இல்ல அக்கா, டார்ட்."

"அப்ப என்னத்துக்கு முட்டை அட்டையில?"

"முட்டையாலதான் செஞ்சது."

அவருக்கு அந்த விளக்கம் போதவில்லை. டிக்கட் கிழிக்க வந்த கொண்டக்டர் குனிந்து பார்த்தார். "குஞ்சு பொரிக்க முதல் இறங்கிரு புள்ள."

அக்கா டார்ட்டைக் கையில் எடுத்துப் புரட்டினாள். "கரிஞ்சிரிக்கி."

"அது அப்படித்தான் கறுக்கும். தின்."

முகர்ந்தாள். மச்சான் முற்றத்தில் நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, மூச்சுவிட்டால் அதிலும் வாசம் வருமோ என்ற பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றைத் தின்று முடித்தாள். நான் போனில் நேரத்தைத் தட்டினேன். கிறீம் கிறேக்கரை விட்டால், அவள் வயிறு ஒரு சாப்பாட்டை வைத்திருந்த ஆகக் கூடிய நேரம் ஏழு நிமிடம். ஏழு போனது. பத்து போனது. வாளி கட்டிலுக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது. இருபதாவது நிமிடத்தில் அக்கா என்னைப் பார்த்து முறைத்தாள்.

"என்னடி என்ட மூஞ்சியையே பாத்துக்கிட்டு இரிக்காய்? மத்ததை எடு."

அவள் வெறும் டார்ட்டில் நின்றுவிடவில்லை. அடுத்த நாள் கஞ்சி குடித்தாள், அதோடு மச்சானுக்கு வாசற்படி வரை வர அனுமதி கிடைத்தது. வியாழக்கிழமை நிறை கூடவில்லை. குறையவும் இல்லை. மருத்துவமாது கிளினிக் அட்டையில் குறித்துவிட்டு, வீட்டுக்குப் போகச் சொன்னார்.

கிளினிக் வாசலில் நின்றபடி அன்ரிக்குச் செய்தி அனுப்பினேன்: "உடைந்தது: இல்லை. வெளியே வந்தது: இல்லை. வாட்: இல்லை."

உடனே பதில் வந்தது. "சந்தோசம் மகள். அட்டை ரெண்டையும் கொண்டு வா, முட்டைக்காரன் கேக்கான்."