சகதிக்கு ஒரு குழி

மே 6, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். காபி, சவரம், பேப்பர். பிறகு தொட்டி மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தேன். அரை ஜாண் தண்ணீர்.

அன்றைக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டப் போர் வண்டி வருகிற நாள்.

எங்கள் தெரு சிவகாசிக்கு வெளியே, ஆனைக்குட்டம் போகிற பக்கம். இங்கே யார் போர் போட்டாலும் பாறைத்தூளும் சகதியும் நேராகத் தெருவோர வாறுகாலுக்குத்தான் போகும். நாலு நாளில் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். அப்புறம் சாக்கடை எங்கே ஓடும்? தெருவில்தான்!

நான் அப்படிச் செய்வேனா? துளையின் அகலம், ஆழம் எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போட்டு, எவ்வளவு தூள் வருமோ அதற்கு ஒன்றரை மடங்காக வாசலுக்குள்ளேயே குழி வெட்டினேன். உள்ளே தார்ப்பாய் வேறு.

என் மனைவி எஸ்தர், பள்ளிக்கூட டீச்சர், எட்டிப் பார்த்தாள். "யாரைப் பொதைக்கப் போறீக?"

தார்ப்பாயின் ஓரத்தில் கல்லைத் தூக்கி வைத்தேன்.

வண்டி வந்தது. வெள்ளைத் தூள் பறந்தது. ஈரச் சாக்கு கட்டி மறைத்தோம். குழி மெதுவாக நிரம்பியது... கணக்குப்படியே. எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மத்தியானம் தண்ணீர் பீய்ச்சியது. தெருவே கை தட்டியது. அந்தச் சந்தோஷத்தில் குழி நிரம்பி வழிந்ததை யாரும் பார்க்கவில்லை. சாம்பல் நிறச் சகதி வாசலைத் தாண்டி, வாறுகாலை நிரப்பி, எதிர்ப்பக்கம் இறங்கியது.

எதிர்ப்பக்கம் மாரியம்மாள் வீடு. ரோட்டை விடப் பள்ளம். வெடிக்கான காகிதக் குழாய் சுற்றிக் கம்பெனிக்குக் கொடுப்பவர். வெடிமருந்து கிடையாது, வெறும் காகிதமும் பசையும். நனைந்தால் பிரிந்துவிடும். ஒரு வார உழைப்பு முன்னறைத் தரையில் அடுக்கியிருந்தது. மறுநாள் கம்பெனிக்கு லோடு போக வேண்டும்.

"அண்ணாச்சி! தண்ணி வந்துருச்சு, நல்லாருங்க. ஆனா எங்கிட்டு வருதுன்னு பாத்தீகளா?" என்று வாசலில் நின்று கத்தினார் மாரியம்மாள்.

டிரில்லரிடம் ஓடினேன். திருச்செங்கோட்டுக்காரர். "நிறுத்துங்க!"

"இப்ப நிறுத்துனா தூளு உள்ள எறங்கிக் கம்பி மாட்டிக்குமுங்க. அப்புறம் போரே போச்சு. காத்தடிச்சுக் கழுவித்தானுங்க தூக்கோணும்."

"எவ்வளவு நேரம்?"

"கால் மணி நேரமாச்சும் ஆகுமுங்க. இன்னும் கீழ போனா தண்ணி கூடுமுங்க... போலாமுங்களா?"

"வேண்டாம். கழுவித் தூக்குங்க. போதும்."

கழுவுகிற வரைக்கும் சகதி வரத்தானே செய்யும்? நான் வாசலில் மண்ணை அணைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. எஸ்தர்தான் கத்தினாள்: "மண்ணை விடுங்க. கொழாயை நம்ம வீட்டுக்குத் தூக்குங்க!"

கை தட்டிய கூட்டம் அப்படியே வரிசையாக நின்றது. கட்டுக் கட்டாகக் கைமாறி வந்தது. நடுவில் மாரியம்மாளின் அதட்டல்.

"மேல பிடிச்சு நசுக்காதீக அண்ணாச்சி! அடியில கை குடுங்க. பச்சப்பிள்ளையத் தூக்குனதே இல்லியா?"

கட்டிலில் குழாய். சாப்பாட்டு மேஜையில் குழாய். என் புத்தக அலமாரியிலும் குழாய்! தரையோடு இருந்த கட்டுகள் மட்டும் தப்பவில்லை. மாரியம்மாள் அவற்றைத் தனியே ஒதுக்கினார்.

"கொறையுற லோடை எடுக்க மாட்டாகளே..." என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

"ராத்திரிக்குள்ள சுத்திருவோம். நானும் வாரேன்" என்றாள் எஸ்தர்.

"டீச்சருக்குச் சுத்த வருமாக்கும்?"

"பசை தடவத் தெரியும்ல!"

என் கணக்கில் என்ன தப்பு? பாறைக்குப் போட்ட கணக்கு சரி. தண்ணீரைச் சேர்க்கவே இல்லை. தண்ணீருக்காகத்தான் போர் போடுகிறோம். ஜெபம் பண்ணுகிறோம், தேங்காய் உடைக்கிறோம். ஆனால் வந்தால் எங்கே போகும் என்று யாராவது யோசிக்கிறோமா? எங்கள் பக்கம் அந்தக் கேள்வியே எழாது. வாய்தான் தண்ணீர் கேட்கிறது; மனசு வெறும் தூளுக்குத்தான் தயாராக இருக்கிறது.

சாயங்காலம் எஸ்தரும் மாரியம்மாளும் குழாய் சுற்ற உட்கார்ந்தார்கள். பசை கலக்கும் வேலை எனக்கு. லோடு குறையவில்லை.

மறுநாள் காலை, காபிக்கு முன்பே, மண்வெட்டியோடு இறங்கினேன். சகதி இன்னும் இறுகவில்லை. என் வாசலைத் தாண்டிப் போய், மாரியம்மாள் வாசல் சகதியில் முதல் வெட்டு வெட்டினேன்.