இரைச்சல் நீக்கம்

எனக்குச் சாமி வந்ததை மின்சாரம் தாக்கியது என்று முடிவு செய்தார்கள். அதன் பிறகு கம்ப்யூட்டர் அறைக்குள் ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ள எனக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கண்ணாடிக் கதவு, ஏசி, திரைக்கு ஒரு உறை, விசைப்பலகைக்கு ஒரு உறை. எங்கள் ஊர் மாடன் கோவிலில்கூட இவ்வளவு ஆசாரம் கிடையாது. மாடனுக்கு முன்னால் ஆடு படுத்திருக்கும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

சென்டர் உரிமையாளர் ஞாயிறுதோறும் சர்ச் பாடகர் குழுவில் பாடுபவர். குழுவின் பழைய கேசட்டுகளையெல்லாம் சிடியில் ஏற்றிவிட வேண்டும் என்பது அவருக்கு ஆசை. அதற்காக சவுண்ட் கார்டும், சிடி எழுதும் டிரைவும் வாங்கிப் போட்டார். ஆசை அவருடையது, வேலை என்னுடையது. டேப் ரெக்கார்டரில் இருந்து ஒரு ஒயரைக் கம்ப்யூட்டரில் செருக வேண்டும். கேசட் எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரமும் கூடவே உட்கார்ந்து கேட்க வேண்டும். அவசரப்படுத்த வழியில்லை. பிறகு இரைச்சலை நீக்க வேண்டும். பாட்டு இல்லாத ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, இதுதான் இரைச்சல் என்று மென்பொருளுக்குக் காட்டிக்கொடுத்தால் போதும். கேசட் முழுக்க அந்த மாதிரி ஒலியை எல்லாம் அது தேடித் தேடி எடுத்துவிடும். அந்த வருஷம் கிறிஸ்மஸ் பாட்டுகள் எனக்கு மனப்பாடம்.

வீட்டில் வேறு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. என் அய்யா விக்கிரமசிங்கபுரத்தில் மில்லில் வேலை பார்த்தவர். வருஷம் முழுக்க நூல் மில். கொடை விழா அன்று மட்டும் ஊருக்கு வந்து மாடனுக்குச் சாமியாடுவார். அது எங்கள் குடும்பத்து உரிமை. அய்யா இறந்த பிறகு அது அண்ணனுக்கு வந்தது. உரிமைதான் வந்ததே தவிர சாமி வரவில்லை. கொடைக்குக் கொடை அண்ணன் அய்யாவின் சல்லடத்தை, சாமியாடுகிறவர் போடும் அந்த அரைக்கால் உடையை, மாட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, வில்லுப்பாட்டுக்கு முன்னால் போய் நிற்பான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து கண்ணாடியை வாங்கிக்கொள்வான். பஸ்ஸுக்கு நின்று பஸ் வராமல் போனவன் மாதிரி இருப்பான்.

இந்தக் கொடையிலும் வராவிட்டால் உரிமை பெரியப்பா மகனுக்குப் போகும் என்று ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். பெரியப்பா மகன் உரக்கடை வைத்திருந்தார். நல்ல உடம்பு, நல்ல குரல். கூட்டம் முடிந்த மறுநாளே சாமியாடுவதற்குத் தோதாக முடி வளர்க்கத் தொடங்கிவிட்டார். கடைக்குப் போனால் உர மூட்டைக்குப் பின்னால் தலையைச் சிலுப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அண்ணன் பேட்டையில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதினான். இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னான்:

“அய்யாவுக்கு வந்தது எனக்கு வரலைன்னா, நான் அவிய பிள்ளைதானான்னு கேப்பாம்லா.”

அப்புறம் ரசம் ஊற்றச் சொன்னான்.

சாமி வராததற்கு அவன் வில்லுப்பாட்டைக் குறை சொன்னான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அய்யா காலத்தில் பாடிய அண்ணாவி, அதாவது வில்லடித்துக் கதை பாடுகிறவர், இறந்துபோயிருந்தார். இப்போது வரும் குழு சினிமா மெட்டில் பாடியது. மாடன் சுடுகாட்டில் எழுந்து வரும் கட்டத்தைக் கல்யாண வீட்டுக் கச்சேரி போலப் பாடினால் எந்த மாடன் வருவான்? பழைய அண்ணாவி பாடியது ஒரே ஒரு கேசட்டில் எங்கள் வீட்டில் இருந்தது. ஒரு கொடையில் அம்மா மடியில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தது. அதை அண்ணன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் போட்டுக் கேட்டதில் நாடா நீண்டுபோய், அண்ணாவி தூக்கக் கலக்கத்தில் பாடுகிற மாதிரி இழுத்தது. கொடையில் அந்தக் கட்டத்துக்கு மட்டும் கேசட்டைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஊரில் சம்மதம் வாங்கிவிட்டான். ஆனால் கேசட் இந்த லட்சணத்தில் இருந்தது.

நான் சரிசெய்து தருகிறேன் என்றேன். கிறிஸ்மஸ் பாட்டையே பளபளவென்று ஆக்கியவளுக்கு இது எம்மாத்திரம்?

உரிமையாளரிடம், ஊர்ப் பாட்டு ஒன்று இருக்கிறது, மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். என்ன பாட்டு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றி வேகத்தைச் சரிசெய்தேன். அண்ணாவிக்குத் தூக்கம் கலைந்தது. அடுத்தது இரைச்சல். மாடன் எழும் கட்டத்துக்கு முன்னால் அண்ணாவி மூச்சு வாங்க நிறுத்துவார். அந்த இடத்தில் பாட்டு இல்லை. பெண்களின் குலவை மட்டும் காதைக் கிழித்தது. அம்மா பக்கத்திலேயே இருந்ததால் அவள் குலவைதான் எல்லாவற்றையும்விடப் பெரிது. அதற்குக் கீழே தடதடவென்று ஒரு ஓசை வேறு. டேப் ரெக்கார்டரில் ஏதோ திருகு கழன்றிருக்கும் என்று நினைத்தேன். இதுதான் இரைச்சல் என்று அந்தத் துண்டையே காட்டிக்கொடுத்தேன்.

மென்பொருள் சொன்னதைச் செய்தது. குலவை போனது, தடதடப்பு போனது, வில்லோடு சேர்த்துத் தட்டும் குடத்தின் கூர்மையும் கொஞ்சம் போனது. அண்ணாவி தனியாக ஒரு சுத்தமான அறையில் உட்கார்ந்து பாடினார்.

அண்ணன் சென்டருக்கு வந்தான். வெளியே செருப்பைக் கழற்றினான். உள்ளே கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் காத்திருந்தான். ஏசி ஓடியது. பாட்டு முடிந்ததும் கையை நீட்டினான். நான் கண்ணாடியைக் கொடுத்தேன்.

“நல்லாத்தான்ட்டி இருக்கு. ரேடியோல செய்தி கேக்குத மாதிரி இருக்கு” என்றான்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. எனக்கு அவன் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு மென்பொருள் மேல் வந்தது. என் மேல் வந்திருக்க வேண்டும், ஆனால் நான் அப்படிப்பட்டவள் இல்லை. சரி, இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும், வேகத்தை மட்டும் திருத்தித் தருகிறேன் என்று அடுத்த சனிக்கிழமை மதியம் மறுபடி உட்கார்ந்தேன். மாணவர்கள் தட்டச்சு பழகிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை டேப் ரெக்கார்டரைத் திறந்து எண்ணெயெல்லாம் போட்டுப் பார்த்தேன். தடதடப்பு போகவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். அண்ணாவி நிறுத்தினார். குலவை எழுந்தது. உள்ளங்காலில் சுட்டது. அதுவரைதான் எனக்குத் தெரியும்.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். வலிப்பு என்று நினைத்து யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். உரிமையாளர் பக்கத்தில் முழங்காலிட்டு ஜெபம் செய்துகொண்டிருந்தார். சோடா வந்தது. எல்லாரும் பேசி, ஒயரைத் தொட்டிருக்கிறாள், காலில் செருப்பு இல்லை, அதனால் ஷாக் அடித்திருக்கிறது என்று முடிவுக்கு வந்தார்கள். உரிமையாளர் மிகவும் வருந்தினார். ரப்பர் செருப்பு ஏற்பாடு அப்போதுதான் வந்தது.

எல்லாரும் போன பிறகு ஒரு மாணவி மட்டும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“மிஸ், நீங்க சுருட்டு கேட்டீங்க. ஆம்பளக் குரல்ல கேட்டீங்க” என்றாள்.

சாரிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லவில்லையாம். எங்கள் ஊரிலும் கொடை உண்டு மிஸ் என்று சொல்லிவிட்டுப் போய் மறுபடி தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

நான் பயந்துபோனேன். சந்தோஷமாகவும் இருந்தது; அதை யாரிடம் சொல்வது? எங்கள் கோவிலில் மாடனுக்கு ஆண்கள்தான் ஆட வேண்டும். பெண்கள் ஆடுகிற இடத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து குலவையிட வேண்டும், அவ்வளவுதான். வேண்டி வேண்டி நிற்கிறவனை விட்டுவிட்டு, ஏசி அறையில் வேலையாக இருந்தவளிடம் வந்திருக்கிறான். விலாசம் விசாரித்து வரக்கூடாதா? அண்ணனிடம் சொன்னால் அவன் சல்லடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். பெரியப்பா மகன் வாங்கிக்கொள்வார். எனக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

மைக் செட்காரரிடம் கேசட் போடும் வசதிதான் இருந்தது, சிடி எல்லாம் கிடையாது. எனவே கம்ப்யூட்டரில் இருந்ததை மறுபடியும் ஒரு புதுக் கேசட்டில் பதிந்தேன். கேசட்டில் இருந்து கம்ப்யூட்டர், கம்ப்யூட்டரில் இருந்து கேசட். இதற்குத்தான் இவ்வளவு பாடு.

மதியக் கொடை. வெயில் மண்டையைப் பிளந்தது. அந்தக் கட்டம் வந்ததும் புதுக் குழுவினர் வில்லைச் சாய்த்து வைத்துவிட்டு காப்பி குடிக்கப் போனார்கள். அவர்களுக்கு மனத்தாங்கல்தான், ஆனால் காப்பியை வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணன் சல்லடத்தோடு நடுவில் நின்றான். பெரியப்பா மகன் தோள்வரை வளர்ந்த முடியோடு ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கட்டிய கையை அவிழ்ப்பதற்குத் தயாராக நின்றார் என்றே சொல்ல வேண்டும். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

ஒலிபெருக்கியில் அண்ணாவி பாடினார். நிறுத்தினார். கேசட்டில் அம்மாவின் குலவை கேட்டது. பக்கத்தில் இருந்த பெண்களும் சேர்ந்து குலவையிட்டார்கள். எனக்கு உள்ளங்கால் சுட ஆரம்பித்தது. முழங்கால் வரைக்கும் ஏறியது. நான் எழுந்துவிட்டேன்; நானாக எழவில்லை. அப்போது என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. நகம் பதியும் பிடி.

“பைய உக்காரு. அவன் ஆடட்டும்” என்றாள் அம்மா. என்னைப் பார்க்கக்கூட இல்லை.

உட்கார்ந்தேன். எப்படி உட்கார்ந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. உதட்டைக் கடித்ததில் ரத்தம் கசிந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணன் ஒரு சத்தம் போட்டான் பாருங்கள், ஆட்டுக்குட்டிகள் தெறித்து ஓடின. அய்யா போடும் அதே சத்தம். துள்ளினான், சுழன்றான், தீப்பந்தத்தைப் பிடுங்கினான். கண்ணாடி பறந்து போய் மைக் செட்காரர் காலடியில் விழுந்தது. அதைக் கழற்ற அவன் மறந்திருந்தான். அதனால் அது உண்மை என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான் பெரும்பாலும்.

பெரியப்பா மகன் அந்த வாரமே முடி வெட்டிக்கொண்டார்.

கொடையன்று சாயங்காலம் ஆற்றில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம், அம்மாவும் நானும் மட்டும். மணிக்கட்டில் நகத்தடம் தண்ணீர் பட்டு எரிந்தது. எனக்கு வருவது உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அம்மா அண்டாவைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“தெரியாம என்ன. எனக்கும் வரும்லா.”

அவளே சொன்னாள்.

“அந்த டேப்ப எதுக்கு ஒங்க அய்யா என் மடியில வச்சாவன்னு நெனச்ச? அது மடியில இருந்தா நான் எந்திரிக்க மாட்டேன்னு அவியளுக்குத் தெரியும். கீழ விழுந்து ஒடஞ்சிரும்லா. ஆட்டம் முடியுத வரைக்கும் காலு ரெண்டும் கெடந்து நடுங்கும். இறுக்கிப் புடிச்சுக்கிட்டு இருப்பேன்.”

பிறகு அண்டாவைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். இருட்டுவதற்குள் போகலாம் என்றாள்.

திங்கட்கிழமை ரப்பர் செருப்போடு கம்ப்யூட்டர் அறைக்குள் போனேன். உரிமையாளர், டிஸ்க்கில் இடம் இல்லை, ஈஸ்டர் பாட்டுகள் ஏற்ற வேண்டும், அந்த ஊர்ப் பாட்டை அழித்துவிடலாமா என்று கேட்டார். அழிக்க வேண்டாம், எம்பி3 ஆக மாற்றிச் சின்னதாக்கி விடுகிறேன் என்றேன். எம்பி3 ஆக்கினால் கோப்பு பத்தில் ஒரு பங்காகிவிடும். மனிதக் காதுக்குத் தேவையில்லை என்று அது நினைக்கும் ஒலிகளை எல்லாம் விட்டுவிடும். அது என்னவெல்லாம் நினைக்கும் என்று யார் கண்டது?

மாற்றி முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அண்ணாவி மூச்சு வாங்கும் இடத்துக்குப் போனேன். குலவை இருந்தது. அதற்குக் கீழே தடதடப்பும் இருந்தது. அம்மா உட்கார்ந்தேதான் இருந்தாள்.