தீர்ப்பை வாசிக்கப் போனவர்

பச்சைமலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஸ்ரீரங்கத்து வக்கீலம்மாவுக்குக் காலில் ரப்பர் செருப்பு, மடியில் கறுப்புக் கோட்டு. சட்டத்தோடு சமூகப் பணியும் படித்தவராம். ஜெயித்த தீர்ப்பைக் கட்சிக்காரர் வீட்டுக்கே போய்த் தமிழில் வாசித்துக் காட்டுவது அவர் வழக்கமாம்.

"இன்னிக்கு யாருக்கும்மா?"

"நர்ஸிங் சேரப் பழங்குடிச் சான்றிதழ் கேட்ட பொண்ணு. குடுக்கச் சொல்லி கோர்ட்டு உத்தரவு போட்டிருச்சு."

சும்மா இருக்கத் தெரியாத என் வாய், "ஸ்வீட் எங்கங்க?" என்றது.

"அட்மிஷன் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சுங்க. பொண்ணு திருப்பூர் மில்லுல இருக்கு."

"அப்புறம் எதுக்குங்க வாசிக்கணும்?"

"பழங்குடின்னு பொய் சொல்றாருன்னு அவங்கப்பாவைச் சான்றிதழ் ஆபீஸ்ல விரட்டுனாங்க. அவர் சொன்னது நிஜம்னு இதுல இருக்கு. அதையாவது காதால கேக்கட்டும்."

வக்கீலம்மா இறங்கிப் போனார்; தீர்ப்பைக் கேட்ட அப்பா அழுதாரா, திட்டினாரா, தெரியாது. வக்கீல் நானாயிருந்தால் தபாலில் அனுப்பிவிட்டு ஃபோனை அணைத்து வைத்திருப்பேன்.